பள்ளி ரோபாட்டிக்ஸ் ஆய்வகம்: கேள்வி பதில்

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு ரோபாட்டிக்ஸ் ஆய்வகங்களில் வழிகாட்டி வருகிறேன். அளவெடுத்தல், வரைபடம், மின்சுற்று, மோட்டார் ஆகியவை குறித்துத் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர், தர்மபுரி): ஐயா, அர்டுயினோ யூனோ என்ற கட்டுப்பாட்டு போர்டில், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் இணைத்து ஒரு ரோபோ கை செய்தேன். கை தூக்கத் தொடங்கியதும் போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது. நிரலில் பிழை எதுவும் தெரியவில்லை. மின்சாரம் 9 வோல்ட் சதுர பேட்டரியிலிருந்து வருகிறது.

பதில்: தம்பி, நிரலைத் தொடாதீர்கள். உங்கள் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. சதுர பேட்டரியின் உள்மின்தடை அதிகம் என்பதால், புகை எச்சரிக்கைக் கருவி போலச் சிறிதளவே மின்னோட்டம் கேட்கும் சாதனங்களுக்குத்தான் அது பொருந்தும். நீல நிறச் சிறிய சர்வோகூடப் பாரம் தாங்கித் திணறும் நேரத்தில் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது பேட்டரியின் அழுத்தம் சரிகிறது, அதோடு போர்டின் 5 வோல்ட்டும் சரிகிறது, போர்டின் மூளையான நுண்கட்டுப்படுத்தி தன்னைத்தானே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறது. மல்டிமீட்டரை 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்ட் எனப்படும் மைனஸ் முனைக்கும் இடையில் வைத்து, ரோபோ கையை விரலால் லேசாகத் தடுத்துப் பிடித்தால் இந்தச் சரிவை நீங்களே பார்க்கலாம். நான்கு ஏஏ பேட்டரிகளை ஒரு ஹோல்டரில் போட்டு, அதன் பிளஸ்ஸை சர்வோவின் சிவப்பு ஒயரோடு நேரடியாக இணையுங்கள். பழுப்பு ஒயரைப் பேட்டரியின் மைனஸ், யூனோவின் கிரவுண்ட் ஆகிய இரண்டோடும் சேர்த்துவிடுங்கள்; அந்தப் பொது இணைப்பு விட்டுப்போனால் ஆரஞ்சு ஒயரில் வரும் கட்டளை சர்வோவுக்குப் புரியாது.

கேள்வி (ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி): எங்கள் பள்ளிக்கு, மாணவர்கள் கருவிகளைக் கொண்டு தாங்களே செய்துபார்க்கும் அடல் டிங்கரிங் லேப் ஒதுக்கப்பட்டுள்ளது. முதலில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கலாமா?

பதில்: நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-இல் தொடங்கிய இத்திட்டத்தில் மொத்த மானியம் 20 லட்சம் ரூபாய் வரை; அதில் 10 லட்சம் ஆய்வகத்தை அமைப்பதற்கும், மீதி ஐந்து ஆண்டுகள் வரை நடத்துவதற்கும் உரியது. அச்சு இயந்திரம் ஒன்று இருந்தால் போதும், அதுவும் பிறகு வரட்டும். முதலில் வெர்னியர் காலிப்பர்களும் மல்டிமீட்டர்களும் குழுவுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். மோட்டாரின் அகலத்தை அளக்காமல் குத்துமதிப்பாக வரைந்து, மூன்று மணி நேரம் அச்சிட்டு, பிறகு பொருந்தவில்லை என்று அரத்தை எடுக்கும் மாணவர்களைத்தான் எல்லா ஆய்வகங்களிலும் பார்க்கிறேன். அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்ததற்குப் பிறகே அச்சு என்று விதி வைத்துவிடுங்கள்.

கேள்வி (பெற்றோர்): மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு எந்த ரோபோ கிட் வாங்கலாம்?

பதில்: ஒரு ஸ்க்ரூடிரைவரும், பழுதாகிப்போன பொம்மைக் கார் ஒன்றும் போதும்.

கேள்வி (தனியார் பள்ளி ஆசிரியர், கோயம்புத்தூர்): உதிரி பாகங்களையே பரிந்துரைக்கிறீர்கள். 45 நிமிட வகுப்பில் 40 மாணவர்களை வைத்துக்கொண்டு ஒயர் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. தயார்நிலை கிட் இருந்தால் ஓடும் ரோபோவோடு வகுப்பு முடிகிறது.

பதில்: ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் உங்களோடு உடன்படுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் மாட்டேன். பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள் இரண்டை ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கினாலும் அவை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் இரண்டு மீட்டருக்கு நேர்கோடு போட்டு, வண்டியை ஓடவிட்டு, முடிவில் எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்று மாணவர் ஸ்கேலால் அளக்கட்டும். பிறகு வேகமான மோட்டாரின் பி.டபிள்யூ.எம். மதிப்பை, அதாவது நிரலில் வேகத்தைக் குறிக்கும் எண்ணை, முழு வேகமான 255-லிருந்து 245, 240 என்று இறக்கி, ஒவ்வொரு முறையும் விலகலை நோட்டில் குறிக்கட்டும். விலையுயர்ந்த கிட் மோட்டார்களில் சுழற்சியை எண்ணும் என்கோடர் உள்ளேயே இருப்பதால், இப்படி ஒரு சிக்கல் உண்டு என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகிறது. நிறுவனம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்: 1998-இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் 2022 இறுதியில் நிறுத்தப்பட்டது.

அதே ஆசிரியர்: தொழிற்சாலை ரோபோவிலும் என்கோடர்தானே இருக்கிறது? சுழற்சியை அளந்து வேகத்தைத் தானே திருத்தும் பின்னூட்டக் கட்டுப்பாட்டைக் கற்பிக்காமல் சாக்பீஸைக் கொடுப்பது பின்னோக்கிப் போவதாகாதா?

பதில்: நல்ல கேள்வி. என்கோடரைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அதன் தேவையை உணர்ந்தபின் தாருங்கள் என்கிறேன். பேட்டரி இறங்க இறங்க, நேற்று கண்டுபிடித்த 240 இன்று சரியாக வராது. அந்த எரிச்சல்தான் பின்னூட்டத்துக்கு வாசல். அப்போது 20 துளைகள் கொண்ட வட்டத் தகட்டையும் ஒளி உணரியையும் சக்கரத்தின் அச்சில் மாட்டச் சொல்லுங்கள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 204 மில்லிமீட்டர். ஆகவே ஒரு துளை கடந்தால் வண்டி சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. கணித வகுப்பில் பை (π) என்று எழுதியதற்கு இங்கே வேலை வந்துவிடுகிறது.

அதே ஆசிரியர்: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உதிரி பாகங்களில் எரிந்துபோவது அதிகம்.

பதில்: எரியத்தான் செய்யும். இணைத்து முடித்ததும் பக்கத்துக் குழு சரிபார்த்த பிறகே பேட்டரி மாட்டலாம் என்று வைத்தால் குறையும். நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்; இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேளுங்கள். 45 நிமிடத்தில் எந்தப் பட்டறையும் நடக்காது.

கேள்வி (மாணவர்): மோட்டார்களுக்கு மின்சாரம் தந்து இயக்கும் எல்298என் டிரைவரில் கார் ஓட்டுகிறேன். கொஞ்ச நேரத்திலேயே வேகம் குறைந்து நிற்கிறது. 9 வோல்ட் பேட்டரி.

பதில்: சதுர பேட்டரி. முதல் பதிலைப் படியுங்கள். அந்த டிரைவரே ஏறக்குறைய 2 வோல்ட் விழுங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி (மாணவர்): திங்கட்கிழமை அறிவியல் கண்காட்சி. வெற்றி பெறும் ரோபோ திட்டம் ஒன்றை நிரலோடு அனுப்ப முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி (பெற்றோர்): ரோபாட்டிக்ஸ் படிக்க எந்தப் பிரிவில், எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?

பதில்: கல்லூரித் தேர்வு என் துறை அல்ல; பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (மாணவி): கோட்டைப் பின்தொடரும் வண்டி ஆய்வகத்தில் சரியாக ஓடுகிறது, பள்ளி மைதானத்தில் தடுமாறுகிறது. இதற்கும் 9 வோல்ட் பேட்டரிதான்…

பதில்: பேட்டரியை மாற்றுங்கள், எத்தனை முறை எழுதுவது! ஆனால் உங்கள் சிக்கல் அதனால் மட்டும் அல்ல. அகச்சிவப்பு உணரி தன் ஒளி திரும்பி வருவதைப் பார்க்கிறது. வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால் கறுப்புக் கோடும் வெள்ளையாகத் தெரிகிறது. உணரியைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையால் தரையைத் தொடாத பாவாடை போல ஒரு மறைப்பு ஒட்டி, போட்டி நடக்கும் இடத்திலேயே அதன் சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (மாணவர்): மீயொலி உணரி சுவரைச் சரியாக அளக்கிறது, திரைச்சீலை எதிரே வந்தால் எண்கள் தாறுமாறாக வருகின்றன. உணரி பழுதா?

பதில்: பழுதில்லை. அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. துணி ஒலியை உறிஞ்சிவிடுகிறது, சாய்ந்த பரப்பு வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது, 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தை அதனால் அளக்கவே முடியாது. ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும்படி நிரலை எழுதுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் இடையில் 60 மில்லிவிநாடி விடுங்கள்; இல்லையெனில் முந்தைய எதிரொலியே அடுத்த அளவில் வந்து கலந்துவிடும்.