சென்னை டொக்டர் எழுதிய துண்டுக்கு ஹட்டனில் மருந்து கிடைக்குமா?

கேள்வி: அம்மாவுக்குச் சென்னையில் இதய வால்வு மாற்றினோம். மஸ்கெலியா திரும்பிய பிறகும் அந்த டொக்டரே வீடியோவில் பார்க்கிறார். ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சோதனை) ரிப்போர்ட்டைப் பார்த்து, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைக் கூட்டிக் குறைத்து வட்ஸ்அப்பில் துண்டு அனுப்புகிறார். ஹட்டனில் ஒரு பார்மசி அந்தத் துண்டுக்கு மருந்து தர மறுத்துவிட்டது. அவர்கள் செய்தது சரியா? இப்படி வைத்தியம் பார்ப்பதே சட்டவிரோதமா?

பதில்: பார்மசிக்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவர் செய்தது சரிதான். இலங்கையில் வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் தொடங்கி இருந்துவரும் விதி அது. பதிவு இல்லாதவர் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும், அவர் எழுதிய துண்டை வைத்து இங்கே மருந்து கொடுக்க முடியாது.

வீடியோவில் பார்க்கும்போது, நோயாளி எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த ஊர்ச் சட்டம்தான் பெரும்பாலும் முதலில் வரும். அமெரிக்காவில் பக்கத்து மாநில நோயாளியைப் பார்க்கக்கூடப் பொதுவாக அந்த மாநில லைசன்ஸ் கேட்பார்கள். இந்தியா இந்த விஷயத்தில் தாராளம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டலின்படி சென்னை டொக்டர் டெல்லி நோயாளியையும் பார்க்கலாம். ஆனால் இந்தியாவுக்கு வெளியே செய்யும் ஆலோசனை தன் வரம்பில் வராது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் டொக்டருக்கு அந்தப் பக்கத்து வழிகாட்டலும் துணைக்கு வராது, இந்தப் பக்கத்துப் பதிவும் இல்லை. அவரோடு பேசுவதற்காக அம்மா மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஏதாவது பிழை நடந்தால், தன் பதிவேட்டில் இல்லாத ஒருவரை இலங்கை மருத்துவ சபை விசாரித்துத் தண்டிக்க முடியாது. முறைப்பாட்டோடு கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

சட்டத்தை விட எனக்குக் கவலை தருவது மாத்திரைதான். இரத்தம் உறையாமல் இருக்க இந்தியாவில் பல டொக்டர்கள் அசெனோகூமரோல் கொடுப்பார்கள். நம் கிளினிக்குகளில் வழக்கமாகக் கொடுப்பது வார்பரின். வேலை ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. அசெனோகூமரோல் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும், வார்பரின் நாள் கணக்கில் நிற்கும். ஒன்றின் மில்லிகிராமை மற்றதற்கு அப்படியே போட்டால் இரத்தக்கசிவு வரலாம், அல்லது வால்விலேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம். “அங்கே எழுதியது இல்லை, இது அதே மாதிரிதான்” என்று எந்தக் கவுண்டரிலாவது ஒன்றை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். உங்களைத் திருப்பி அனுப்பிய பார்மசி, தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஆபத்தையும் தவிர்த்திருக்கிறது. தெரிந்தவர் மூலம் பார்சலில் வரவழைப்பதும் வழியல்ல. மருந்து இறக்குமதிக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டால் அம்மாவின் மாத்திரை நடுவில் அறுந்துபோகும். அது வால்வுக்கு ஆகாது.

சரி, என்ன செய்வது? சென்னை டொக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. வால்வை வைத்தவர் அவர், அவருடைய கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் சொல்வது இங்குள்ள ஒரு டொக்டரின் கைக்கு வந்து, அவர் துண்டு எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். இதய நிபுணர் தேவை என்றால் அவர்களே கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்புவார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்குக் காசு இல்லை. வரிசையில் நிற்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வால்வு உலோகமா, திசுவா, எந்த இடத்து வால்வு, ஐ.என்.ஆர். எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் என்ன, இவ்வளவும் அதில் இருக்கட்டும். மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில், உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். அம்மாவுக்கு உரிய எண்ணை டொக்டர்தான் சொல்ல வேண்டும். பிராண்ட் பெயர் மட்டும் எழுதிய கடிதம் இங்கே உதவாது.

மாதா மாதம் பஸ் ஏற முடியாது என்றால் வீடியோவில் பார்க்கும் டொக்டர்கள் இலங்கையிலும் இருக்கிறார்கள். கொழும்பாக இருந்தாலும் பலாங்கொடையாக இருந்தாலும் பரவாயில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தின் ஒரு பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது, ஆனால் டொக்டரின் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். துண்டில் அவருடைய பெயரும் மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் வந்த படத்தை ஏற்பார்களா என்று பார்மசியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை போன்றவற்றை வட்ஸ்அப் படத்தைக் காட்டி வாங்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், டவுனில் கொமினிகேஷன் கடையில் ரிப்போர்ட் ஸ்கேன் செய்தால், அனுப்பி முடித்ததும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

மலம் கறுத்துப் போனால், தலையில் அடிபட்டால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால் எந்த ஊர் டொக்டரையும் வீடியோவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஏறும்போது மாத்திரைப் பெட்டியையும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.