மனை வாங்குமுன், வீடு கட்டுமுன்: சென்னைக் கேள்விகளும் பதில்களும்

குன்றத்தூர்: சார், 1200 சதுர அடி மனை பார்த்திருக்கோம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, லோன் கிடைக்கும்"னு புரோக்கர் சொல்றார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மனைப்பிரிவு அனுமதி ஆகாது. குன்றத்தூர் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் வருகிறது. வரைபடத்துக்கு முதலில் சிஎம்டிஏ ஒப்புதல் தர வேண்டும், இறுதி அனுமதி அதன் பிறகுதான் உள்ளாட்சியிடமிருந்து வரும். பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கும் எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்தால் அந்த வரைபடத்தின் நகலை வாங்கி, டேப்போடு இடத்துக்குப் போய் அளந்து பாருங்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் கல் நட்டு, மனை எண் போட்டு விற்பதும் நடக்கிறது.

எண் இல்லையென்றால் 2017 வரன்முறை விதிகள்தான் வழி, அதாவது அனுமதியில்லாத மனையை முறைப்படுத்தும் விதிகள். அந்த மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது பத்திரப்பதிவு ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு புதிதாகப் போட்ட பிரிவு என்றால் அந்த விதியில் இடமில்லை. நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றுக்கு எந்தத் தேதியானாலும் வரன்முறை கிடையாது. "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், இந்தத் தேதியைச் சொல்லி பழைய பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மாடம்பாக்கம்: பட்டா, வில்லங்கம் ரெண்டும் சுத்தமா இருக்கு. ஆனா எஃப்எம்பி-யில (சர்வே எண்ணோட நில அளவை வரைபடம்) மனை ஓரமா ரெண்டு கோடு சேர்ந்தே போகுது. அது என்னங்க?

வாய்க்காலாக இருக்கலாம், வண்டிப்பாதையாகவும் இருக்கலாம். ஒரே ஒரு எஃப்எம்பி-யை வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கத்துச் சர்வே எண்களின் எஃப்எம்பி-களையும் எடுத்து ஒட்டவைத்து, கோடு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு முனை ஏரியில் போய்ச் சேர்ந்தால் அது பெரும்பாலும் ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாய் அல்லது நிரம்பியது வெளியேறும் கலங்கல் ஓடை. அடுத்து கிராம வரைபடத்தைப் பாருங்கள். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'ஏ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மண் கொட்டி மேலே தார் போட்டிருந்தாலும் பதிவேட்டில் வாய்க்கால் என்றால் வாய்க்கால்தான். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும், வாய்க்கால் வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ என்றால் நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள்.

வளசரவாக்கம்: ஒரு கிரவுண்டு, 40-க்கு 60. இன்ஜினியர் 4800 சதுர அடி கட்டலாம்ங்கறார். மேஸ்திரி "அதுக்கு மேலயும் ஏத்தலாம்"ங்கறார்.

உயரமல்லாத கட்டடத்துக்கு 2019 கட்டட விதிகளின்படி எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது 2400 × 2 = 4800, இன்ஜினியரின் கணக்கு சரி. அதற்கு முன் 1.5 என்பதால் 3600-தான் கிடைத்தது. ஆனால் 4800 என்பது உச்சவரம்பு, முழுசாகக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு பேச்சுக்கு நாலு பக்கமும் 5 அடி விட்டால் 30-க்கு 50, தளத்துக்கு 1500. மூன்று தளம் போட்டாலும் 4500-தான். நாலாவது தளம் போனால் உயரம் கூடும், உயரத்தோடு பக்க இடைவெளியும் கூடும், தளம் சுருங்கும்.

மேஸ்திரி சொல்வதற்கும் ஒரு வழி உண்டு, ஆனால் அது காசுக்கு. சாலை 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ 30 சதவீதம் வாங்கலாம். 12 மீட்டரில் 40, 18 மீட்டரில் 50. அங்கேயும் இந்த இடைவெளிக் கணக்குதான் குறுக்கே நிற்கும். கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் எஃப்எஸ்ஐ-யில் சேராது. பிறகு அதற்குச் சுவர் எழுப்பிக் கடையாக்கினால் சேர்ந்துவிடும், விதிமீறலும் ஆகும்.

அம்பத்தூர்: சுயசான்று முறையில போட்டா உடனே அனுமதி வருமாமே?

2024 ஜூலையில் தொடங்கியபோது வைத்த வரம்பு: மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500-க்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், குடியிருப்பு மட்டும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி வந்துவிடும், முன்கூட்டி இடத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். அதனால் தவறு இருந்தால் பொறுப்பு உங்களுடையது. பத்திரத்தில் 2400, பட்டாவில் 2362 என்று இருந்தால் முதலில் அளந்து சரிசெய்யுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள்.

திருப்போரூர் பக்கம்: விவசாய மண்டலத்துல நிலம். பத்திரம் பதிஞ்சாச்சு, வீட்டுமனையா மாத்திக்கலாம்ல?

பதிவு செய்ததால் மண்டலம் மாறாது. நில உபயோக மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் கையில் இருப்பது வயல்தான்.

பெரும்பாக்கம்: சதுப்புநிலம் பக்கத்துல ஃப்ளாட் புக் பண்ணலாமா சார்?

அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உங்கள் திட்டத்தின் அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது, அந்த உத்தரவின் இன்றைய நிலை என்ன, இரண்டையும் வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு புக் பண்ணுங்கள்.