கல்லீரல் கட்டி: படம் பார்த்துச் செய்யும் ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாக ஹெபடைடிஸ் பி உண்டு. இப்போது கல்லீரலின் வலப்பக்கம் 4 செ.மீ. புற்றுக்கட்டி ஒன்று இருக்கிறதாம். ‘இமேஜ் கைடட்’ ஆபரேஷன் என்கிறார்கள். மெஷினா அறுக்கும்? அந்த வசதி இல்லாத இடத்தில் செய்தால் ஆபத்தா? - வாசகி, பெரம்பூர்

பதில்: அறுப்பது சர்ஜன்தான் அம்மா. எங்கே அறுக்கலாம் என்று படம் வழிகாட்டும்.

கல்லீரலை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சதையாகத் தெரியும். உள்ளே ரத்தக்குழாய்களும் பித்தக்குழாய்களும் கிளைவிட்டு அதை 8 பகுதிகளாகப் பிரிக்கின்றன. கட்டி எந்தக் குழாயை ஒட்டியிருக்கிறது என்பதை முன்கூட்டியே எடுத்த சி.டி. ஸ்கேனை முப்பரிமாணப் படமாக்கிப் பார்க்கலாம். ஆனால், வயிற்றைத் திறந்து கல்லீரலைப் புரட்டியதும் அதன் வடிவமே மாறிவிடும். மூச்சுக்கு மூச்சு நகரவும் செய்யும். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே கல்லீரல்மேல் நேரடியாக வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்தான் என் கணிப்பில் மிக முக்கியம். ஸ்கேனில் தெரியாத சிறு கட்டிகூடச் சில நேரம் இதில் அகப்படும். பச்சைச் சாயம் செலுத்தி, தனி கேமராவில் கட்டியை ஒளிரவைக்கும் முறையும் உண்டு. அது மேற்பரப்பிலிருந்து சுமார் 1 செ.மீ. ஆழம் வரைதான் உதவும். சுருங்கிய கல்லீரலில் சாதாரண முடிச்சுகளும் ஒளிரலாம். அல்ட்ராசவுண்டும் அனுபவமுள்ள சர்ஜனும் இருந்தால், மற்றவை இல்லையே என்று கலங்க வேண்டாம்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: “வெட்டியபின் எவ்வளவு கல்லீரல் மிஞ்சும்?” ஆரோக்கியமான கல்லீரலில் கால்பங்கு மிஞ்சினாலே தாங்கும். ஹெபடைடிஸ் பி-யால் சுருக்கம் விழுந்திருந்தால் 40 சதவீதமாவது வேண்டும். சி.டி.யிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். ரத்தத்தில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி), தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) எவ்வளவு என்றும் கேளுங்கள். கல்லீரல் தாங்காது என்றால் ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். ஒரே கட்டி, 5 செ.மீ.க்கு உள்ளே என்பதால் மாற்றுக் கல்லீரல் பொருத்துவது பற்றியும் பேசலாம். ஊசி வழியே கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் சிகிச்சையும் இருக்கிறது.

இரண்டாவது கருத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

ஹெபடைடிஸ் பி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கீழாநெல்லி கொடுக்கிறோம் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். இது தொற்றக்கூடிய வைரஸ் என்பதால் உங்கள் அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் இந்த வாரமே ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.