மருத்துவர் பதில்கள்: எடை குறைந்த பிறகு ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: உடல் பருமனுக்காக, மருத்துவர் பரிந்துரைத்தபடி, வாரம் ஒரு முறை செமாகுளுடைட் ஊசி போட்டு வருகிறேன். எடை நன்றாகக் குறைந்துவிட்டது. இனி ஊசியை நிறுத்திவிட்டு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் தொடர்ந்தால் போதாதா? நான் குறுக்கு வழியில் எடையைக் குறைத்ததாக உறவினர்கள் சொல்வதும் மனத்தை உறுத்துகிறது.

பதில்: உறவினர்களின் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் இப்படிப் பேசுவதில்லை. உடல் பருமனும் அதைப் போன்ற நாட்பட்ட நோய்தான். நீங்கள் செய்தது சிகிச்சை.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன், வயிறு நிறைந்த செய்தியை மூளைக்கு உணர்த்திவிட்டுச் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் செமாகுளுடைட், உடலில் பல நாள்கள் நிலைத்து நின்று பசியைத் தணிக்கிறது. 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவு, உடற்பயிற்சி ஆலோசனையுடன் வாரம் 2.4 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினரைச் சிகிச்சை நின்ற பிறகும் கவனித்தபோது, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது தெரிந்தது.

இது மன உறுதி குறைந்ததால் நேர்வதன்று. எடை குறையும்போது பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது; மருந்து இருக்கும்வரை அடங்கியிருக்கும் இந்த எதிர்ப்பு, மருந்து நின்றதும் முழு வேகத்தில் வெளிப்படுகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் எடையைத் தக்கவைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், பெரும்பாலோருக்கு அது இயலுவதில்லை என்பதை மறைக்காமல் சொல்வதே முறை.

ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கலாமா, எவ்வளவு காலம் தொடரலாம் என்பதையெல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். குறையும் எடையில் கொழுப்போடு தசையும் அடங்கும் என்பதால், போதிய புரதமும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். குமட்டல் பெரும்பாலும் நாளடைவில் தணியும். ஆனால் முதுகுவரை பரவும் கடுமையான வயிற்றுவலி கணைய அழற்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அதற்கு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே இந்த ஊசியை நிறுத்த வேண்டும். அவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லியே செய்ய வேண்டும்.

கேள்வி: ஊசிக்குப் பயந்து, இணையத்தில் விற்கும் மூலிகை மாத்திரையை வாங்கியிருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் விலக்கிக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து, ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. உறையில் அதன் பெயர் இராது. ஊசிதான் தயக்கம் என்றால், உணவுக் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் உடலில் சேராமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் போன்ற, வாயால் உட்கொள்ளும் மருந்துகள் உள்ளன. அதன் பலன் ஊசியைவிடக் குறைவு, எண்ணெய்ப்பசையுள்ள மலம் போகும் தொல்லையும் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேட்கும்போது, வாங்கிய மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்து படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தால் தாமதிக்காமல் செல்லுங்கள்.