பதிவேட்டில் மூன்றே மூன்று: அனுப்பலாமா, வேண்டாமா?

பழைய வீடியோ கேம் சேகரிப்பு – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லையோர ஊர்களிலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே குழப்பம்: சீல் உடைக்காத கேமை அமெரிக்காவுக்கு அனுப்பி, மதிப்பெண் வாங்கி, கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து விற்பதா, இருப்பது போலவே விற்பதா? வாட்டா, விஜிஏ, சிஜிசி ஆகியவை இந்த கிரேடிங் வேலையில் பெயர் வாங்கியவை. எந்தக் கேம், எந்த மதிப்பெண்ணில், எத்தனை பிரதி வந்தது என்று காட்டும் கணக்குக்குப் பெயர் பாப் ரிப்போர்ட்.

கேள்வி: ஐயா, என் மாமா துபாயில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த பிஎஸ்2 (சோனியின் பிளேஸ்டேஷன் 2) கார் ரேஸ் கேம் ஒன்று பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. இந்த ஐரோப்பியப் பதிப்பு பாப் ரிப்போர்ட்டில் 3 என்றுதான் காட்டுகிறது. உலகத்திலேயே நாலாவது பிரதி நம்மிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், களியக்காவிளை

உலகத்தில் நாலாவது இல்லை. கிரேடிங் கவுன்டருக்கு வந்த வரிசையில் நாலாவது. ஆஸ்பத்திரிச் சீட்டை எண்ணிவிட்டு ஊரில் இத்தனை பேருக்குத்தான் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? அந்த 3 என்பது யாரோ காசு கட்டி அனுப்பியவற்றின் எண்ணிக்கை. பீரோவிலும் பரணிலும் கிடப்பவை அதில் வராது. பிஎஸ்2 காலத்துக் கார் பந்தயங்கள் கொஞ்ச நஞ்சம் விற்கவில்லை. கிரான் டூரிஸ்மோ 3 மட்டும் உலகமெங்கும் சுமார் 1.49 கோடி பிரதி போயிருக்கிறது.

ஐரோப்பியப் பதிப்புக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன கிரேடிங் நிறுவனங்கள் இருப்பது அமெரிக்காவில். அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் அனுப்புவது அவர்கள் ஊர்ப் பதிப்பை. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே ஐரோப்பிய வரிசையில், எல்லோர் வீட்டிலும் இருந்த ஐந்தாறு கேம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அவையும் 2, 4, 3 என்றே இருந்தால், உங்கள் 3 அந்தக் கேமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்றவை 40, 60 என்று இருந்து உங்களுடையது மட்டும் 3 என்றால், அப்போது நிமிர்ந்து உட்காரலாம்.

அடுத்து ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்று முடிந்தவை பட்டியலைத் திறந்து, கிரேடிங் ஆகாத சீல் பிரதிகள் எத்தனை கைமாறியிருக்கின்றன என்று எண்ணுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. கொஞ்ச நாளிலேயே பதினைந்து விற்றிருந்தால், அந்தப் பதினைந்தில் எதுவும் நாளைக்கே கவுன்டருக்குப் போகலாம். 3 என்பது 18 ஆக ஒரு நல்ல விற்பனைச் செய்தி போதும்.

பெட்டியின் மேல் வெள்ளிப் பட்டையோடு பிளாட்டினம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பின்னால் வந்த மலிவுப் பதிப்பு. பாப் ரிப்போர்ட்டில் அதற்குத் தனிப் பதிவு. முதல் பதிப்பின் விலையை இதற்கு ஒப்பிடக் கூடாது. கடிதத்தில் நீங்கள் எழுதியதை வைத்து எங்கள் கருத்து: அனுப்ப வேண்டாம்.

கேள்வி: சார், என் கேமுக்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண்ணில் 2 பிரதிதான் இருக்கிறது, 9.4-ல் 40 இருக்கிறது. என் பிரதி கண்ணுக்குப் புதுசாகத்தான் தெரிகிறது. துணிந்து அனுப்பலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

உங்கள் எண்கள்தான் உண்மையில் பயன்படுகிற எண்கள். மொத்தம் எத்தனை என்பதைவிட, இந்த மதிப்பெண்ணிலும் அதற்கு மேலும் எத்தனை என்பதே விலையை நகர்த்தும். ஆனால் அந்த 9.8 உங்களுக்கு விழுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே விற்றால் 12,000 ரூபாய். கட்டணம், போக வரக் கூரியர், காப்பீடு சேர்த்துச் செலவு 9,000. விழும் மதிப்பெண் 9.8 ஆனால் விலை 60,000, 9.6 ஆனால் 26,000, 9.4 ஆனால் 18,000, அதற்குக் கீழே போனால் பழைய 12,000தான். வாய்ப்பு முறையே 5, 20, 35, 40 சதவீதம் என்று வைத்தால் 3,000 + 5,200 + 6,300 + 4,800, ஆக 19,300. உங்கள் பக்கம் போட்டது 12,000 + 9,000 = 21,000. சராசரியில் 1,700 ரூபாய் நஷ்டம். விற்பனைத் தளத்தின் கமிஷன் இன்னும் கழியவில்லை. 9.8-ல் 2 என்ற அபூர்வம் இந்தக் கணக்குக்குள் வெறும் 5 சதவீதமாகத்தான் நுழைகிறது.

அந்தச் சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது? பாப் ரிப்போர்ட்டின் விகிதத்தையே எடுப்பார்கள் பலர். அதில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே போனவற்றில் பல, இருப்பதில் நல்லதைப் பொறுக்கி அனுப்பியவை. நீங்கள் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே உங்கள் வாய்ப்பை அந்த விகிதத்தைவிடக் குறைத்தே போடுங்கள்.

40 என்பதும் நாற்பது பெட்டி இல்லாமல் இருக்கலாம். 9.4 வாங்கியவர் கூட்டை உடைத்து மறுபடி அனுப்புவது வழக்கம். பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே பெட்டி இரண்டு முறை எண்ணப்படும். நிறுவனத்துக்கு நிறுவனம் பதிவேடு வேறு. கூட்டிப் பார்க்காமல் 2 என்று முடிவு கட்டாதீர்கள்.

சீலுக்கும் தனி மதிப்பெண் உண்டு. வாட்டா வகுத்த அளவில் பெட்டிக்கு 10 வரை எண், சீலுக்கு ஏ++ முதல் சி வரை எழுத்து. 9.8 ஏ++ விலையைப் பார்த்துவிட்டு 9.8 பி+ பெட்டியை விற்கப் போனால் முகம் வாடும்.

கேள்வி: ஹைதராபாத்தில் தயாரான ஹனுமான்: பாய் வாரியர் (பிஎஸ்2, 2009) சீல் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பாப் ரிப்போர்ட்டில் தேடினேன், கண்ணில் படவில்லை. பூஜ்யம் என்றால் விலை எகிறுமா?
– வாசகர், நகரி

பூஜ்யம் இரண்டு விதம். பொருளே கிடையாது என்பது ஒன்று. யாரும் கேட்கவே இல்லை என்பது இன்னொன்று. உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது. ஒப்பிட ஒரு விற்பனையும் இல்லாத பொருளுக்கு மதிப்பெண் வாங்கினாலும், அந்த மதிப்பெண்ணுக்கு விலை சொல்ல ஆள் வேண்டுமே.

உண்மையான அபூர்வம் தயாரிப்பு எண்ணிக்கையிலிருந்து வரும். 1990-இன் நின்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ் போட்டிக் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்த பிளாஸ்டிக் பேழை) சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. இது போட்டவரே எண்ணிப் போட்டது. அல்லது பதிப்பு வேறுபாட்டிலிருந்து வரும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 4 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வந்த ஆரம்பகாலப் பெட்டி பிரிக்காமல் கிடைப்பது வேறு கதை. 9.4 வாங்கிய அப்படிப்பட்ட ஒன்று 2019 பிப்ரவரியில் 1,00,150 டாலருக்குப் போனது.

உங்கள் கேமை வாங்க ஆசைப்படுகிறவர் இந்தியச் சேகரிப்பாளர். அவருக்கு அமெரிக்கக் கூடு தேவையில்லை. தெளிவான படமும் பில்லும் போதும். ஹனுமானையும், 2013-இல் அதே பிஎஸ்2-க்கு வந்த டான் 2 கேமையும் சேர்த்து வைத்திருந்தால் ஜோடியாக விற்கப் பாருங்கள்.

கேள்வி: சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாமே. என்னிடமும் இருக்கிறது, பெட்டி இல்லை, கார்ட்ரிட்ஜ் மட்டும்.
– வாசகர், குமுளி

அது 2021 ஜூலையில் போன 9.8 ஏ++ சீல் பெட்டி. அந்த உச்சத்துக்குப் பிறகு சந்தை நன்றாகவே இறங்கியது. அந்தக் கேம் விற்றது சுமார் 1.19 கோடி. உங்கள் கார்ட்ரிட்ஜை எடுத்து விளையாடுங்கள்.

கேள்வி: அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லாமே நமுத்துப் போகிறது. எப்படிப் பாதுகாத்து, எப்படிக் கட்டுவது?
– வாசகர், புளியரை

நமுத்த அட்டை உப்பும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உப்பாது. உறையின் ஒட்டு, அதாவது தையல், விடுவது அங்கேதான். தகரக் கூரைக்கடியில் பரணில் வைத்தால் எதிர்ப்பக்கம் நடக்கும்: வெயிலில் உறை இறுகி, பெட்டியை வில்லாக வளைக்கும். இரண்டுமே மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பத மானியும் போட்டு 45 முதல் 55 சதவீதத்துக்குள் வையுங்கள். ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். அட்டை அளவுக்கு மீறிக் காய்ந்தால் சுருளும்.

கட்டுவதற்கு முன் சீலை வெளிச்சத்தில் பாருங்கள். பிஎஸ்2 போன்ற பிளாஸ்டிக் பெட்டியின் ஆலை உறையில் ஓரங்கள் மடித்து ஒட்டியிருக்கும். கடையில் ஹீட் கன் பிடித்துச் சுருக்கிய உறையில் மடிப்பு இராது, மூலையில் காது போலத் துருத்தும். பிளாஸ்டிக் உறை போட்ட பழைய நின்டெண்டோ அட்டைப் பெட்டி என்றால் பெரும்பாலும் பின்பக்கம் குறுக்கே ஒரு தையல் கோடு ஓடும். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், கட்டணம் மிச்சம்.

பிறகு கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் கேம், அதைச் சுற்றிப் பபுள் ராப், இரட்டை அட்டைப்பெட்டி, நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு. டேப் எதுவும் சீலைத் தொடக் கூடாது. ஏற்றுமதித் தாளில், மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பும் பொருள் என்று எழுதி, ஆறு பக்கப் படங்களோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது புது இறக்குமதி என்று கஸ்டம்ஸ் வரி கேட்கக்கூடும். அந்த வரியையும் மேலே கொழிஞ்சாம்பாறை வாசகருக்குப் போட்ட 9,000-ல் கூட்டிப் பார்த்துவிட்டு டேப்பை ஒட்டுங்கள்.