இங்கிலீஷ் பெயர் ஒட்டிய ஜர்தோசி

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பாணியில் புடைப்பு எம்பிராய்டரி செய்கிறேன். 'சில்க் பர்ல்' என்று இணையத்தில் வாங்கிய பச்சைச் சுருள், வெறும் கம்பி மாதிரியே மின்னுகிறது. அசல்தானா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: அசல் இல்லை. ஆரிக் கடைகளில் ஜர்தோசி என்று கிராம் கணக்கில் விற்கும் ஸ்பிரிங்தான் இது. கம்பிமேல் கலர் பூச்சு. அதையே சின்னக் குப்பியில் அடைத்துப் பெயரை மாற்றினால் விலை ஏறிவிடுகிறது. 1650–80 காலத்து எம்பிராய்டரிப் பெட்டிகளிலும் முகக்கண்ணாடிச் சட்டங்களிலும் இருக்கும் அசல் சில்க் பர்ல், மெல்லிய கம்பிமேல் பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றி, பிறகு அதை ஸ்பிரிங்காகச் சுருட்டியது.

அடுத்த முறை வாங்கினால் ஊசி முனையால் ஒரு நுனியை நீட்டிப் பாருங்கள். நூல் பிரிந்து வெறும் கம்பி தெரிந்தால் பாதி தேறியது. அந்த நூலைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியும் சாம்பலும் என்றால் பட்டு. உருகி மணியானால் பாலியஸ்டர். காகிதம் எரியும் வாடை என்றால் ரேயான்; வளையல், ஜிமிக்கி செய்ய 'சில்க் திரெட்' என்று விற்பது பெரும்பாலும் பட்டே இல்லை. சேலைக்கு சில்க் மார்க் பார்க்கிறோம். நூல்கண்டில் எதை அச்சடித்தாலும் கேட்க நாதியில்லை.

ஒன்று மட்டும். தங்க, வெள்ளி நிற ஜர்தோசி கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கால வேலைப்பாட்டில் பட்டுச் சுருளோடு வெறும் உலோகச் சுருளும் உண்டு. அந்த இடத்துக்கு அது பொருந்தும். பச்சை, சிவப்புப் பூச்சுக் கம்பி பொருந்தாது. பூ, இலைக்கு வைத்தால் தனியாகத் துருத்தும்.

வீட்டில் செய்ய 0.2 மி.மீ. செம்புக் கம்பியும் முறுக்கில்லாத பட்டு இழையும் போதும். முறுக்கு நூல் வரிவரியாகத் தெரியும், நடுவே கம்பி எட்டிப்பார்க்கும். கம்பியின் ஒரு முனையைக் கை டிரில்லில் மாட்டுங்கள். மறுமுனையில் தூண்டில் கடையில் கிடைக்கும் ஸ்விவல், அதாவது தாராளமாகச் சுழலும் இணைப்பு. அதை விட்டுவிட்டு ஆணியில் இறுக்கிக் கட்டினால் கம்பி முறுக்கேறி அறுந்துபோகும். டிரில்லை மெதுவாகச் சுற்றி, இழையைக் கம்பிக்கு ஏறக்குறைய நேர்குறுக்காகக் கொடுங்கள். நகம் சொரசொரப்பாக இருந்தால் இழை பிசிறும், முதலில் ராவிக்கொள்ளுங்கள்.

சுற்றிய கம்பியை 1 மி.மீ. எஃகு ஊசியில் ஒட்டி ஒட்டிச் சுருட்டுங்கள். அரை மீட்டர் கம்பிக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் சுருள்தான் கிடைக்கும், அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள். கழற்றும்போது இழுக்காதீர்கள், நீண்ட சுருள் மறுபடி சேராது. வெட்டுமிடத்தில் நீர்த்த கோந்து துளி வைத்து, காய்ந்தபின் 3–4 மி.மீ. துண்டுகளாக்கி, மணி கோப்பதுபோல் தைக்கவும். நல்ல கத்தரியை இதற்கு எடுக்காதீர்கள், வாய் போய்விடும்.