புது வீட்டுச் சமையலறையில் எதை எங்கே வைப்பது?

கேள்வி: திருச்சியில் பெரிய வீட்டில் இருந்துவிட்டு, இப்போது பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். பால் காய்ச்சி ஒரு வாரம் ஆகிறது. சமையலறை பழையதில் பாதிகூட இல்லை. கிரைண்டர், பித்தளைப் பாத்திரங்கள், பாதி டப்பாக்கள் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பெட்டிகளைப் பிரிக்காமல் விட்டது நல்லதுதான். இந்த ஒரு வாரத்தில் எதையெல்லாம் தேடித் தேடி வெளியே எடுத்தீர்களோ, அதுதான் உங்கள் அன்றாடச் சாமான். முதலில் அதற்கு இடம் பிடியுங்கள், மற்றது காத்திருக்கட்டும்.

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு குழம்பு வைப்பதாக நினைத்துப் பாருங்கள். கடுகு வெடிக்கும்போது பெருங்காயத்தைத் தேடி நாலு அடி நடந்தால் தாளிப்பு கருகிவிடும். அஞ்சறைப்பெட்டி, உப்பு, எண்ணெய், கரண்டி, இடுக்கி எல்லாம் கால் நகராமல் கைக்கு எட்ட வேண்டும், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் மட்டும் வேண்டாம். அங்கே ஆவியும் சூடும் ஏறி மிளகாய்த்தூள் கட்டிதட்டும், எண்ணெயில் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். பக்கவாட்டுத் தட்டுதான் சரி. எண்ணெயில் நாலைந்து நாளைக்கானதைச் சின்னத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, பெரிய டின்னை இருட்டான அலமாரிக்குள் வையுங்கள். உப்பையும் புளியையும் பீங்கான் ஜாடியில் போடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் உப்பு இருந்தால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

சிங்குக்கு அடியில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று அரிசி மூட்டையைத் தள்ளிவிடாதீர்கள். குழாய் என்றாவது கசியும், அந்த ஈரம் போதும். அங்கே சோப்பு, பக்கெட், குப்பைக்கூடை போதும். தட்டு, டம்ளர் சிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் கழுவிய கையோடு அடுக்கிவிடலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு சீக்கிரம் முளைவிட்டுவிடும். இரண்டுக்கும் காற்றோட்டம் வேண்டும், கிழங்குக்கு வெளிச்சம் ஆகாது, பச்சை பிடித்துவிட்டால் கசக்கும்.

கிரைண்டருக்கு முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள், அப்புறம் இடத்தைப் பாருங்கள். கவிழ்த்து மாவு வழிக்கிற வகை என்றால் முன்னால் பாத்திரம் வைக்க இடம் விடுங்கள். வாரா வாரம் பரணில் இருந்து இறக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், இடுப்பு போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பும் இருந்தால் அதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் தேவை. 2000 வாட் அடுப்பைச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டினால் ஒயர் சூடாகி உருகும்.

பித்தளையில் உள்ளே வெள்ளீயம் பூசிய ஒன்றை மட்டும் கீழே வைத்துப் பொங்கலுக்கும் பருப்புக்கும் பயன்படுத்துங்கள். மற்றவற்றைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடலாம். அந்தப் பூச்சு போன பாத்திரத்தில் புளி சேர்த்து எதுவும் சமைக்க வேண்டாம்.

கேள்வி: புது வீட்டில் அடுப்பு மேடை தள்ளி இருக்கிறது. கேஸ் டியூப் எட்டவில்லை. இன்னொரு டியூபை இணைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. டியூபில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது, நீளமும் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எட்டவில்லை என்றால் சிலிண்டரைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். டியூப் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், 5 வருடம் ஆகியிருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியதை மாற்றிவிடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் பரவும், அதனால் சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.